மஞ்சளாகிப் போன தம்பி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. போன வாரம் வானகரம் பக்கம் மழை பிடித்துக்கொண்டதே, அன்றைக்குக் காலையில் காபி தம்ளரோடு பால்கனியில் நின்றிருந்தேன். கீழே முழங்கால் உயரத்துப் பிள்ளைகள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு தாளை மழையில் நீட்டிக்கொண்டிருந்தார்கள். தாளில் வைத்திருந்த வண்ணப் பொட்டுகள் தூறல் பட்டுக் கரைந்து ஓடின. ஒரு குட்டி மட்டும் தாளைக் கீழே போட்டுவிட்டு நாக்கை நீட்டி மழையைக் குடித்துக்கொண்டிருந்தது.

"புது மெத்தட் ஆன்ட்டி. மழையை வெச்சே பெயிண்ட் பண்ணச் சொல்லித் தர்றாங்க" என்றாள் பக்கத்து ஃப்ளாட் பெண், மகனைக் கைப்பேசியில் படம் பிடித்தபடி.

"அப்படியா, நல்லாருக்கே" என்று சொல்லி வைத்தேன். அவளிடம் வேறு என்ன சொல்வது? உங்களிடம்தான் சொல்ல முடியும். ஆவடியில் ஆலைச் சங்கு கேட்டு எழுந்து, சங்கு கேட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களில் பாதிப் பேராவது அந்த ஆலைக் குடியிருப்பின் கோடியில் இருந்த பால்வாடியில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் அங்கே போய் உட்கார்ந்தபோது எனக்கு ஏழு வயது. சிரிக்காதீர்கள். அந்த ஐப்பசியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கண், நகம், நாக்கடி எல்லாம் மஞ்சள். விடிந்ததும் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவாள். பிறகு உப்பில்லாத கஞ்சி. எதிர்வீட்டில் வடை சுடும் வாசனை வந்தால் எனக்கு அழுகையே வந்துவிடும். காமாலை இறங்கிய பிறகு டாக்டர், "இனிமே யாருக்கும் ஒட்டாது. ஆனா கொஞ்ச நாளைக்கு ஸ்கூல் வேணாம், ஓடியாடக் கூடாது" என்றார். அம்மாவோ தினமும் அண்ணனூரில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பல்பு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைத் தனியாக வீட்டில் விட முடியாது. மூன்று வயதுத் தம்பி ஏற்கனவே பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"அவங்கூட நீயும் போயி குந்திக்க" என்று அம்மா சொன்னபோது நான் தரையில் புரண்டு அழுதேன். இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறவளைப் போய்ப் பால்வாடியில் சேர்ப்பதா? ஆனாலும் போனேன். அங்கிருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் என் முட்டி தாடையில் இடித்தது. என்னைவிடச் சின்னதுகள் எல்லாம் சுற்றி நின்று, இன்னும் முழுசாக வெளுக்காத என் மஞ்சள் கண்ணை வேடிக்கை பார்த்தன.

அங்கே ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் இருந்தார்கள். டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். ஒல்லியாக, எப்போதும் புடவை முந்தானையை இடுப்பில் செருகியபடி இருப்பார். காலையில் வந்ததும் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். அன்றைக்கு என்ன செய்வது என்பதை அதன் பிறகுதான் முடிவு செய்வார்.

நல்ல வெயில் என்றால், ஆளுக்கொரு தேங்காய் நாரும் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரும் கிடைக்கும். வெளிச்சுவரில் தண்ணீராலேயே படம் வரைய வேண்டும். சுண்ணாம்புச் சுவர் நனைந்து சாம்பல் நிறமாகும். யானை என்றும் பேருந்து என்றும் பெயர் சொல்லிக்கொண்டே வரைவோம். வரைந்து முடிப்பதற்குள் வெயில் ஒரு பக்கத்திலிருந்து அழித்துக்கொண்டே வரும். தம்பி தான் போட்ட வட்டம் காணாமல் போனதைப் பார்த்து முதல் நாள் உதட்டைப் பிதுக்கி அழுதான். "வெயிலு தின்னுட்டு போயிருச்சு. இன்னொண்ணு போட்டுக் குடு, அதுக்குப் பசிக்குல்லா" என்றார் டீச்சர். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெயிலுக்கு வட்டம் வட்டமாகத் தீனி போட்டான்.

காற்று அடித்தால், பப்பாளி இலையின் தண்டை வெட்டிக் குழலாக்கித் தருவார். தாளில் நீலப்பொடி கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, குழலால் ஊத வேண்டும். பாதிப் பேர் ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சிவிடுவார்கள். அவர்கள் வாயைத் துடைக்க ஆயா ஈரத்துணியோடு தயாராக நிற்பார். பச்சைத் தண்டின் அந்தப் பால் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

மழை வந்த நாள்தான் பெரிய கூத்து. பழைய நாள்காட்டித் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் டீச்சர் மஞ்சள்தூளை ஒரு சிட்டிகை, நீலத்தை ஒரு சிட்டிகை, அடுப்புக்கரித் தூளைக் கொஞ்சம் எனத் தூவிக் கொடுத்தார். எல்லோரும் தாளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் மழையில் காட்ட வேண்டும். நாங்கள் காட்டினோம். எதுவும் நடக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், ஆயா பெரிய கறுப்புக் குடையை விரித்து எங்கள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆயா, குடையை எடுங்க. மழை விழணும்லா" என்றார் டீச்சர்.

"இன்னா டீச்சர், வெளாட்றியா? புள்ளைங்க நனஞ்சா நாளிக்கி அவ அவ ஆத்தா வந்து என்னியத்தான் கேப்பா" என்று ஆயா குடையை இன்னும் இறக்கிப் பிடித்தார். கடைசியில் தலைக்குக் குடை, கைக்கும் தாளுக்கும் மழை என்று உடன்பாடு ஆயிற்று.

இப்போது எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆலையில் பெயிண்ட் பிரிவில் வேலை. அங்கே தயாராகும் பெரிய பெரிய ராணுவ வண்டிகளுக்குப் பச்சை அடிப்பார். அந்த ஒரே பச்சைதான், வருஷம் பூராவும். சாயங்காலம் மண்ணெண்ணெயும் மணலும் போட்டுக் கையைத் தேய்ப்பார். அப்படியும் நகக்கண்ணில் பச்சை போகாது. அவர் சட்டையில் தின்னர் வாசனை வீசும். தூசிக்கு நல்லதென்று அங்கே கொடுக்கும் வெல்லக்கட்டியைத் தின்னாமல் தாளில் மடித்து எங்களுக்குக் கொண்டுவருவார். நாங்கள் அதை ஆளுக்குப் பாதியாகக் கடித்துத் தின்போம். அது எதற்காகக் கொடுக்கப்பட்டது, யார் தின்றிருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

நைனா அதிகம் பேசமாட்டார். ஆனால் எனக்குக் காமாலை வந்ததிலிருந்து அவர் எங்களைப் பார்க்கும் விதம் மாறிப்போயிருந்தது. தம்பி தூங்கும்போது குனிந்து அவன் இமையை விலக்கிப் பார்ப்பார். சோற்றைத் தொட்டுச் சூடு பார்ப்பார். "புள்ளையாண்டானுக்கு மட்டும் வந்துறக் கூடாது" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்த நிலையில்தான் அந்த மழைப்படத்துக்கு மறுநாள் மீண்டும் மழை வந்தது, மீண்டும் மஞ்சள்தூள் வந்தது. அன்றைக்குத் தம்பிக்குத் தாள் போதவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் மஞ்சளைக் குழைத்து, முழங்கை வரை இழுத்து, கன்னத்திலும் தடவிக்கொண்டான். ஆயா தண்ணீரில் அலசிவிட்டார். தூள் போயிற்று, நிறம் போகவில்லை.

மாலையில் வேலை முடிந்து வந்த நைனா டீயோடு உட்கார்ந்தார். மேகம் மூடி வீட்டுக்குள் மங்கலாக இருந்தது. தம்பி ஓடிப்போய் மடியில் ஏறி, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான். நைனா அந்தக் கைகளைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார். அவன் கன்னத்தைப் பார்த்தார். கண்ணை விலக்கிப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் அவருக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"நைனா, அது டீச்சர் குட்த்த..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா கெட!" என்றார். பிள்ளையைத் தன் மழைக்கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டேன். மழையில் பெடலை அழுத்தி அழுத்தி அவர் மூச்சு வாங்கியது எனக்கு முதுகு வழியாகவே கேட்டது. நான் இன்னும் இரண்டு முறை "மஞ்சத்தூளு நைனா" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் ஏழு வயதுப் பெண் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

கடைத்தெரு டாக்டர் தம்பியை மேஜைமேல் நிறுத்தி, டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை அழுத்தினார். தம்பி கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரித்தான். டாக்டர் அவன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கிப்போய் சோப்பு போட்டார்.

சோப்பு பட்டதுதான் தாமதம், தம்பியின் கைகள் இரண்டும் சிவப்பாயின. வெறும் சிவப்பா? ரத்தச் சிவப்பு. நுரையெல்லாம் சிவந்து தொட்டியில் வழிந்தது.

"ஐயோ சார், ரத்தம்! சார், ரத்தம் சார்!" நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

"யோவ், எழுந்திரிய்யா. ஆரத்தி கரைக்கிறதப் பார்த்ததே இல்லியா நீ? மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்குதா இல்லியா? சோப்புலயும் அதே கதைதான்." டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை அலசினார். "உன் புள்ளைக்கி ஒண்ணும் இல்ல. நல்லா கொழுகொழுன்னு கீறான். இம்மாம் மஞ்சத்தூளு எங்கேர்ந்து வந்துச்சி, அதக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போதுதான் எனக்குப் பேச அனுமதி கிடைத்தது. "பால்வாடில மயய வெச்சி படம் போட்டோம்" என்றேன்.

அறையில் காத்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும்போது சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் ஏன் ஏறி மிதிக்கவில்லை என்று அன்று எனக்குப் புரியவில்லை. கால் நடுங்குகிறவரால் சைக்கிள் மிதிக்க முடியாது என்பது என் சொந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் வெடித்தது.

"அந்தப் பால்வாடி இனிமே வாணாம். ரெண்டும் ஊட்லயே இருக்கட்டும்."

"ஊட்ல யாரு பாத்துப்பா? நீ பாப்பியா?"

"நீ பாரு."

அம்மா கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைப் பட்டென்று வைத்தாள். "அப்ப என்ன வேலய உட்டுட்டு குந்திக்கச் சொல்ற. அத நேரா சொல்லிட்டுப் போயேன்யா. எதுக்கு மஞ்சத்தூள இழுக்கற?"

அம்மா தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தைக்கூட எடுக்காமல் அடுப்பங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கம்பெனியில் அவளுக்குத் தோழிகள் இருந்தார்கள், ரயிலில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. பல்பைச் சோதித்துப் பார்க்கும்போது முகத்தில் வெளிச்சம் அடிக்கும் என்று எங்களிடம் ஆசையாகச் சொல்லுவாள். அதெல்லாம் ஒரு சிட்டிகை மஞ்சளில் போகப் பார்த்தது.

மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பினாள். "இன்னிக்கி ஒரு நாளிக்கி அனுப்பறேன். அப்பால நீயே போயி சொல்லிட்டு இட்டுகினு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பகலில் வானம் இருட்டி மழை வலுத்தது. ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப் பூத்துப்போகும் என்பதால் மழை பலமாக இருந்தால் ஆலையில் அந்த வேலையை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தி அனுப்பப்பட்ட நைனா நேராகப் பால்வாடி வாசலில் வந்து நின்றார், சொட்டச் சொட்ட.

உள்ளே நாங்கள் எல்லோரும் தாளும் கையுமாக இருந்தோம்.

"இன்னாம்மா, புள்ளைங்கள வெச்சிகினு இன்னா பண்ணிகினு கீறீங்க இங்க?" என்று கத்தினார். ஒரு குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. ஆயா அதைத் தூக்கிக்கொண்டார்.

டீச்சர் எழுந்து வந்தார். "உள்ள வாங்க அண்ணாச்சி, நனையாதிய. நேத்து நடந்ததைப் பெரியவ சொன்னா. கையை நல்லாக் கழுவி விட்டிருக்கணும். என் தப்புத்தான்."

அவர் அப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்வார் என்று நைனா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்குப் பெயிண்டுன்னா இன்னான்னு தெரியும்மா. அதுலதான் பொயக்கிறேன். சாயங்காலம் துப்புனா எச்சியே பச்சயா வருது. நெஞ்சு எரியுது. இவன் கையில அந்தக் கருமம் படவே கூடாதுன்னுதான் நா நாளெல்லாம் நெனச்சிகினு கீறேன். நீ இன்னாடான்னா மூணு வயசுலயே புட்ச்சி அதுல எறக்கி உட்டுட்ட."

நைனாவின் எச்சில் பச்சையாக வரும் என்பதை நான் அன்றுதான் கேட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டீச்சர் சின்னத் தட்டுகளை எடுத்துவந்து அவர் முன் வைத்தார். "இது சமையல் மஞ்சள். இது பீட்ரூட் சாறு. இது அடுப்புக்கரி." மஞ்சளில் விரலை வைத்து நக்கிக் காட்டினார். பீட்ரூட்டையும் நக்கினார். நீலத்தட்டுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். "இதை நக்கமாட்டேன் அண்ணாச்சி. துணிக்குப் போடுத நீலம். பிள்ளைங்க வாயில வைக்காம நானும் ஆயாவும் பார்த்துக்கிடுதோம்."

ஆயாதான் முதலில் சிரித்தார். நாக்கெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்ற டீச்சரைப் பார்த்து நைனாவின் வாயும் கோணியது. திரும்பிப் போகப் பார்த்தார். முடியவில்லை. வாசலுக்கு வெளியே எதுவும் தெரியாதபடி மழை கொட்டியது. வேறு வழியில்லாமல் கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

தம்பி தன் தாளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனான். "புடி நைனா."

நைனா தாளின் இரண்டு முனையைப் பிடித்தார், தம்பி மற்ற இரண்டு முனையை. வாசலுக்கு வெளியே நீட்டினார்கள். முதல் சொட்டு மஞ்சளில் விழுந்து தெறித்தது. அடுத்தது நீலத்தில். இரண்டும் சரிந்து ஓட ஆரம்பித்ததும் நைனா பதறிப்போய்த் தாளை மறுபக்கம் சாய்த்தார். அங்கே ஓடியதும் இங்கே சாய்த்தார். ஒழுகும் சொட்டை விரலின் ஓரத்தால் தடுத்தார். வேலையில் ஒரு சொட்டு ஒழுகிக் காய்ந்தாலும் மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அந்தக் கைக்கு அதுதான் தெரியும்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "உடு நைனா! நீ பண்ணாத! மய பண்ணும்!"

நைனா அவனைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார். தாள் தன்பாட்டுக்கு நனைந்தது. மஞ்சள் ஒரு கோடாக இறங்கியது, நீலம் குறுக்கே வந்து அதில் விழுந்தது. விழுந்த இடத்தில் மெல்ல மெல்லப் பச்சை கிளம்பியது. வாழைக்குருத்தின் பச்சை. ஆலையின் பச்சை இல்லை.

நைனா தாளை உள்ளே இழுத்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பச்சை என்றால் தின்னர் நாற்றம் என்றிருந்த மனிதர். "ரசம் வாசன அடிக்குது" என்றார் ஆச்சரியமாக.

கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "இன்னோரு தாளு கீதா?" என்று கேட்டார்.

அந்தப் படம் எங்கே என்று கேட்பீர்கள். வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சோற்றுப்பசை போட்டு ஒட்டியிருந்தோம். மஞ்சளை வெயில் தின்னும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பங்குனிக்குள் மஞ்சள் போய்விட்டது, அதோடு பச்சையும். நீலம் மட்டும் ஓர் ஆறு போல மிஞ்சியது. அந்த வீட்டைக் காலி செய்தபோது சுவரிலிருந்து உரிக்கப் பார்த்தோம், கிழிந்துவிட்டது. நைனாவும் நல்லபடியாக ஓய்வுபெற்று, பேரன் பேத்தி பார்த்து, போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி ஓவியன் ஆகவில்லை. வங்கியில் இருக்கிறான், மழை வந்தால் முதலில் ஜன்னலைச் சாத்துகிறவன் அவன்தான். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த ஒரு பிற்பகல் எங்கள் மூன்று பேருக்கும் கிடைத்ததே, அது போதும்.

அன்று மழை விட்டபோது பால்வாடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. குழந்தைகளை நடக்கவிட முடியாது. நைனா கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிக்கொண்டார். ஒரு குழந்தையைத் தோளில் ஏற்றி, மேட்டில் காத்திருந்த அதன் அம்மாவிடம் சேர்த்துவிட்டு, திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார். எல்லாக் குழந்தைகளும் ஈரத்தாளை விடமாட்டேன் என்று அவர் முதுகோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே போயின. ஆயா முன்னால் குடையைக் கோலாக ஊன்றிப் பள்ளம் பார்த்துக்கொண்டு நடந்தார். டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாகத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும்போது, அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தாள். மழையென்று கம்பெனியில் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நைனாவின் காக்கிச் சட்டை முதுகு முழுக்க மஞ்சளும் நீலமும் சிவப்பும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. கழுத்திலும் காதிலும்கூட.

"இன்னாய்யா இது கோலம்?"

"மய" என்றார் நைனா.

அம்மா அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். சண்டைக்கு வந்தவள்போல நிமிர்ந்துகொண்டு கேட்டாள். "சொல்லிட்டியா? நாளிக்கி நா வேலைக்கிப் போவணுமா, வாணாமா?"

நைனா தோளிலிருந்த தம்பியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"நீ போ. இவனுக்கு மட்டும் பழய சட்டையா பாத்துப் போட்டு அனுப்பு."